ஜெர்மன் தெரியாமல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கெம்னிட்ஸுக்குத் தனியாக ரயிலில் செல்ல முடியுமா?

நீங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் பணிபுரிகிறார். அவரால் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக இயலாது. உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் ஓரளவு பேசவும் வரும், ஜெர்மன் மொழி அறவே தெரியாது. இந்நிலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கித் தனியாக ரயிலில் போய்ச் சேர முடியுமா, அதற்கு எவ்வளவு ஜெர்மன் கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஜெர்மன் கற்பதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை என்பதும் என் கருத்து. சேலம் ரயில்வே கோட்டத்தில் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மகள் வீட்டுக்குச் செல்லும்போது அந்நாட்டு ரயில்களில் தனியாகவே சென்று வருகிறேன். அங்கே நம்மவர்களைத் தடுமாற வைப்பது மொழியைக் காட்டிலும், நம் ஊர் ரயிலில் ஆயுள் முழுவதும் ஊறிப்போன பழக்கங்கள்தான் என்பதை அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் சொல்கிறேன்.

தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் விரைவு வண்டி சேலம் சந்திப்பில் நிற்கும்போது, தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஜார்க்கண்ட் இளைஞர்கள் கூட்டமாக இறங்குவதை நீங்களும் பார்த்திருக்கலாம். அவர்களில் அடுத்த வண்டியின் ஐந்து இலக்க எண்ணைக் கையில் வைத்திருப்பவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, நடைமேடையைக் கண்டுபிடித்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். ஊர்ப்பெயரை மட்டும் வாயால் சொல்லி நான்கு பேரிடம் கேட்பவர்தான் நான்கு திசையிலும் அலைவார். ரயில்வே எந்த நாட்டில் இருந்தாலும் பயணியிடம் அது சொல்லும் செய்தி பெரும்பாலும் எண்களில்தான் இருக்கிறது: வண்டி எண், புறப்படும் நேரம், நடைமேடை எண், பெட்டி எண், இருக்கை எண். இவற்றோடு வண்டியின் கடைசி நிலையத்தின் பெயரும் தெரிந்தால் போதும்.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் மகனிடம் சொல்லி, கைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் பயண விவரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் எண், ஏறும் நிலையம், புறப்படும் நேரம், வண்டியின் கடைசி நிலையம், நீங்கள் இறங்கும் நிலையம், அதற்கு முந்தைய நிலையம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி நிலையத்தை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள அறிவிப்புப் பலகைகளில் பெரிய எழுத்தில் இருப்பது வண்டி போய் நிற்கும் ஊரின் பெயரே. நீங்கள் வண்டி மாறுவதற்காக லைப்சிக்கில் இறங்க வேண்டியவராக இருந்தாலும், அந்த வண்டி போய் நிற்கும் டிரெஸ்டன் என்ற பெயரைத்தான் பலகையில் தேட வேண்டியிருக்கும். பெயரைக் காட்டிலும் எண்ணை நம்ப வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து, அது மலைமேல் ஏறும் என்று எண்ணி வந்த வெளியூர்க்காரர்களுக்கு, அது ஈரோட்டுக்குப் போகும் வண்டி என்றும், ஏற்காட்டுக்கு இங்கே இறங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில்தான் கடக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

நிலையத்தின் முழுப் பெயரிலும் கவனம் தேவை. சேலம் என்று மட்டும் சொன்னால் சந்திப்பா, டவுனா, மார்க்கெட்டா என்ற கேள்வி எழுவதைப் போல, ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பல நிலையங்கள் உள்ளன. விமான நிலையத்திலேயே இரண்டு இருக்கின்றன: முதல் முனையத்தின் அடியில் உள்ளூர் ரயில்களுக்கு ஒன்று; அங்கிருந்து நடைமேம்பாலம் வழியாகச் சென்றடையும் நெடுந்தூர ரயில் நிலையம் மற்றொன்று. நீங்கள் போக வேண்டியது இரண்டாவது. வேறு முனையத்தில் இறங்கினால் முதல் முனையத்துக்கு இலவச இணைப்பு வாகனம் உண்டு. வழிகாட்டிப் பலகைகள் ஆங்கிலத்திலும் இருப்பதால் இந்தப் பகுதி கடினமில்லை. ஓடர் ஆற்றங்கரையில், போலந்து எல்லையில், ஃபிராங்க்ஃபர்ட் என்றே இன்னொரு நகரம் இருப்பதால், பயணச்சீட்டு எடுப்பவர் மைன் ஆற்றங்கரை நகரைத்தான் தேர்ந்தெடுத்தாரா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணச்சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கு நம்மவர்கள் அதிகம் பணம் இழப்பது இதில்தான். முன்கூட்டியே வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் சலுகைச் சீட்டு, குறிப்பிட்ட ஒரே நெடுந்தூர வண்டிக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமாகி அந்த வண்டியைத் தவறவிட்டால், அது ரயில்வேயின் பிழை ஆகாது, சீட்டு வீணாகிவிடும். எந்த வண்டியிலும் ஏறத்தக்க சீட்டின் விலை அதிகம். குடியேற்றப் பரிசோதனையில் வரிசை எவ்வளவு நீளும், பெட்டி எப்போது வந்து சேரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாத நிலையில், முதன்முறை செல்பவர் அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பதே நல்லது என்பேன். அப்படி மனமில்லையென்றால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விட்டுச் சலுகைச் சீட்டு எடுக்கலாம். மாறாக, தாமதம் ரயில்வேயால் நேர்ந்தால் நிலைமை வேறு. சேருமிடத்தை இருபது நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகத்தான் அடைய முடியும் என்ற நிலை வந்துவிட்டால், சலுகைச் சீட்டின் கட்டுப்பாடு நீங்கிவிடும். அதே பாதையில் வேறு வண்டியில் ஏறிக்கொள்ளலாம். சேருமிடத்தை ஒரு மணி நேரம் தாமதமாக அடைந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரமானால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. இந்த உரிமைகள் முழுப் பயணத்துக்கும் பொருந்த வேண்டுமானால், விமான நிலையத்திலிருந்து கெம்னிட்ஸ் வரை ஒரே சீட்டாக எடுத்திருக்க வேண்டும். லைப்சிக் வரை ஒன்று, அப்பால் ஒன்று என்று பிரித்து வாங்காதீர்கள்.

அந்நாடு முழுவதும் மாதச் சீட்டு ஒன்றிலேயே சுற்றலாம் என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். 2023 மே மாதம் 49 யூரோ விலையில் தொடங்கி, பின்னர் விலை உயர்த்தப்பட்ட அந்தச் சீட்டு, நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில்கள் ஆகியவற்றுக்கானது. நெடுந்தூர விரைவு ரயிலில் அது செல்லாது. கெம்னிட்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது இருக்கை. நம் நாட்டில் முன்பதிவுச் சீட்டு என்றாலே பெட்டியும் இருக்கையும் அதில் அச்சாகி வரும். அங்கே பயணச்சீட்டு வேறு, இருக்கை முன்பதிவு வேறு. இரண்டாம் வகுப்பில் இருக்கைக்குச் சில யூரோக்களைத் தனியாகக் கட்டாவிட்டால், ரயிலில் ஏறலாமே தவிர, உட்கார இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. உங்கள் வயதில், பயணப்பெட்டியோடு, அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தக் கூடாது. முன்பதிவு செய்த இருக்கையில் வண்டி புறப்பட்ட பதினைந்து நிமிடங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் உரிமை போய்விடும். வண்டி மாறிப்போய் முன்பதிவில்லாமல் ஏற நேர்ந்தால், இருக்கைக்கு அருகில் உள்ள சிறிய மின்பலகையைப் பாருங்கள். இரண்டு ஊர்களின் பெயர்கள் ஒளிர்ந்தால், அந்த ஊர்களுக்கிடையே மட்டும் அது பதிவாகியிருக்கிறது என்று பொருள். உங்கள் பயணம் அதற்கு முன்பே முடிந்துவிடுமானால், அங்கு உட்காருவதில் தவறில்லை.

நடைமேடையில் நிற்கும் முறையும் பழக வேண்டியதே. மேலே ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்தின் கீழ் வந்து நிற்கும் என்பதை மின்பலகை காட்டும். சேலம் சந்திப்பில் எஸ் 5, பி 1 என்று ஒளிரும் பலகைக்கும் இதற்கும் வேலை ஒன்றே. ஆனால் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருவது அங்கு அரிதன்று. ஆகவே அச்சிட்ட படத்தை நம்பாமல், வண்டி வருவதற்குச் சற்று முன் மின்பலகையை மீண்டும் பாருங்கள். தவறான இடத்தில் நின்றுவிட்டால் பதறி நடைமேடையில் ஓட வேண்டாம். அருகிலுள்ள கதவில் ஏறி உள்ளேயே நடந்து போகலாம். இரண்டு தொடர்வண்டிகளை இணைத்து ஒன்றாக ஓட்டும்போது மட்டும் இது பயன்படாது, ஏனெனில் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு உள்ளே வழி கிடையாது; வழியில் இரண்டும் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போவதும் உண்டு. பெர்லினிலிருந்து மேற்கே கொலோன் பக்கம் போகும் வண்டிகள் பல ஹாம் என்னும் நிலையத்தில் அவ்வாறு பிரிகின்றன. நம் ஊரில் இணைப்புப் பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எந்த வண்டியிலும், ஏறும் கதவின் அருகே வெளிப்புறத்தில் எழுதியிருக்கும் வண்டி எண்ணையும் ஊர்ப்பெயரையும் தாளோடு ஒப்பிட்டுவிட்டு ஏறினால் இந்தச் சிக்கல் வராது.

கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் கதவிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். குறித்த நேரத்துக்குச் சில நொடிகள் முன்பே கதவு மூடிவிடும். விசில் ஊதி, கொடி காட்டி, ஓடி வருபவருக்காக மனமிரங்கும் வழக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். இடைநிலையங்களில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடங்களே என்பதால், இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பெட்டியோடு கதவருகே போய் நிற்பது நல்லது. சுமை தூக்கும் போர்ட்டர்கள் அங்கு இல்லை. நீங்களே ஒரு கையால் தூக்கிப் படியேற முடியாத பெட்டியை, எவ்வளவு ஊறுகாயும் பருப்புப்பொடியும் மகனுக்குக் கொண்டுபோக ஆசை இருந்தாலும், எடுத்துச் செல்லாதீர்கள்.

உங்கள் வழித்தடத்துக்கே உரிய ஒரு செய்தி இது. விமான நிலையத்திலிருந்து லைப்சிக் வழியாக டிரெஸ்டன் செல்லும் நேரடி விரைவு வண்டிகள் உள்ளன; ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மாற வேண்டிய வண்டி சற்று விரைவாகச் சேர்ந்தாலும், நேரடி வண்டியையே தேர்ந்தெடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் முதன்மை நிலையம், சென்னை சென்ட்ரலைப் போல, தண்டவாளங்கள் முடிந்துபோகும் முட்டு நிலையம். அங்கே நிற்கும் வண்டி, வந்த வழியாகவே எதிர்த்திசையில் புறப்படும். ஏறிக் கால் மணி நேரத்துக்குள் வண்டி பின்னோக்கி ஓடத் தொடங்கினால், விமான நிலையத்துக்கே திரும்புகிறதோ என்று எண்ணி எழுந்து இறங்கிவிட வேண்டாம். அங்கிருந்து ஃபுல்டா, எர்ஃபுர்ட் ஆகிய நிலையங்களைத் தாண்டினால் லைப்சிக். விமான நிலையத்திலிருந்து மொத்தம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். உங்கள் தாளில் லைப்சிக்குக்கு முந்தைய நிலையமாக எர்ஃபுர்ட் என்று எழுதி, அது வந்ததும் இறங்க ஆயத்தமாகத் தொடங்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் திரையில் அடுத்த நிலையமும் சேரும் நேரமும் தெரியும். அறிவிப்பு காதில் விழாவிட்டாலும் குறைவில்லை.

லைப்சிக் நிலையமும் முட்டு நிலையமே. 1915-இல் கட்டி முடிக்கப்பட்ட, ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று. பெரிது என்று கேட்டுத் தயங்க வேண்டாம், வண்டி மாறுவதற்கு இதைவிட எளிய நிலையம் அமையாது. எல்லா மேல்தள நடைமேடைகளும் ஒரே அகன்ற முகப்பில் வந்து முடிவதால், படிக்கட்டோ சுரங்கப்பாதையோ இல்லாமல், நேராக நடந்து, முகப்பில் திரும்பி, அடுத்த நடைமேடைக்குள் நுழைந்துவிடலாம். 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட நகரச் சுரங்க ரயிலின் நடைமேடைகள் கீழ்த்தளத்தில் உள்ளன. உங்கள் வண்டி அங்கு வராது என்பதால் கீழே போகும் மின்படிக்கட்டில் கால் வைக்க வேண்டாம். கெம்னிட்ஸ் செல்லும் வட்டார ரயில் மணிக்கொன்று வீதம் புறப்படுகிறது; பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. சலுகைச் சீட்டின் கட்டுப்பாடு நெடுந்தூர வண்டிக்கு மட்டுமே உரியது. வட்டார ரயிலில் அது இல்லை. எனவே லைப்சிக்கில் கழிப்பறைக்குப் போய், ஒரு காபி குடித்து, அடுத்த மணி வண்டியில் நிதானமாக ஏறலாம். கைபேசிச் செயலி எட்டு, பத்து நிமிட இடைவெளியை இயல்பாகக் காட்டினாலும், தேடும்போதே மாறும் நேரத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி அதில் உண்டு. மகனிடம் சொல்லி அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கெம்னிட்ஸ்தான் அந்த வண்டியின் கடைசி நிலையம் என்பதால், அங்கு இறங்கத் தவறும் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது கேட்கும் கலை. "இந்த வண்டி லைப்சிக் போகுமா?" என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அது மொழி தெரியாத இடத்தில் ஆபத்தானது, ஏனெனில் கேள்வி புரியாதவரும் மரியாதைக்காகத் தலையசைப்பார். தாளில் எழுதிய ஊர்ப்பெயரையும் வண்டி எண்ணையும் காட்டி, விரலால் நடைமேடைப் பலகையைச் சுட்டுங்கள். பதில் ஒரு எண்ணாக வர வேண்டும். அதுவும் வாயால் வராமல், நீங்கள் நீட்டும் தாளில் எழுதப்பட்டு வர வேண்டும். ஜெர்மன் மொழியில் இருபத்தொன்று என்பதை ஒன்றும் இருபதும் என்ற வரிசையில் சொல்வார்கள். அரைகுறையாகக் காதில் வாங்கினால் இருபத்தொன்று பன்னிரண்டாகிவிடும். யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு குறிப்பு உண்டு. லைப்சிக்கும் கெம்னிட்ஸும் 1990 வரை கிழக்கு ஜெர்மனியில் இருந்தவை. அங்கு அன்று பள்ளிகளில் முதல் அயல்மொழியாகக் கற்பிக்கப்பட்டது ருஷ்ய மொழி. ஆகவே நம் வயதுக்காரர்களைக் காட்டிலும், கல்லூரி மாணவர்கள்போல் தோன்றுபவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்பது பயன் தரும். நெடுந்தூர வண்டியின் பரிசோதகர்கள் பொதுவாக ஆங்கிலம் பேசுவர்.

உண்மையிலேயே கையறு நிலை வந்தால் நாட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பான்ஹோஃப்ஸ்மிஸியோன் என்ற பெயரில் கிறித்தவத் திருச்சபைகள் சார்ந்த உதவி மையம் 1894-இல் பெர்லினில் தொடங்கி, இன்று நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் இயங்குகிறது, லைப்சிக்கிலும் இருக்கிறது. வழி தெரியாதவர், முதியவர், உடல் நலமில்லாதவர் யாராக இருந்தாலும் மதம், நாடு பாராமல் கட்டணமின்றி உதவுவார்கள். உட்கார இடமும் கொடுப்பார்கள். காவல்துறைக்கு 110, மருத்துவ அவசரத்துக்கு 112.

தாமதம் குறித்து மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் பிசகாது என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் அந்நாட்டு நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடு மட்டுமே. அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் கணக்கில் கொள்ளப்படவில்லை. எனவே நீங்கள் கற்க வேண்டிய ஜெர்மன் மூன்று செய்திகளுக்குரிய சொற்கள் மட்டுமே: வண்டி ரத்து, நடைமேடை மாற்றம், ரயிலுக்குப் பதில் பேருந்து. இவற்றை மகனிடம் உரோமன் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலகையில் ஓடும் எழுத்தும் அட்டையில் உள்ள எழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், உச்சரிக்க வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள் புறப்பாட்டுக்கும் வெள்ளைத் தாள் வருகைக்கும் உரியவை. அவசரத்தில் வெள்ளையைப் பார்த்து வேறு நடைமேடைக்குப் போய்விடாதீர்கள். இருபத்து நான்கு மணிக் கணக்கு நம் ரயில்வேயில் இருப்பதுதான். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியின் ஜெர்மன் தொகுப்பைச் சேலத்திலேயே பதிவிறக்கி வைத்தால், இணையம் இல்லாமலும் பலகையைப் படம்பிடித்து வாசிக்கலாம்.

வண்டி எண் மகனிடம் இருந்தால், அது எங்கே வருகிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்பதை அவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார். நீங்கள் அடிக்கடி அழைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சில பெட்டிகளில் அமைதிப் பகுதி என்று ஒதுக்கியிருப்பார்கள், அங்கு கைபேசியில் பேசினால் முகம் சுளிப்பார்கள்.

திரும்பும் பயணத்துக்கும் இதே விதிகள்தாம், ஒரே வேறுபாட்டோடு. வரும்போது தாமதமானால் மகன் காத்திருப்பார். போகும்போது விமானம் காத்திருக்காது. கெம்னிட்ஸிலிருந்து புறப்படும்போது, பயணப் பதிவு முடியும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் விடும் வண்டியையும், அதற்கு முந்தைய வண்டியையும் விட்டுவிட்டு, அதற்கும் முந்தைய வண்டியில் ஏறுங்கள். காலை விமானமாக இருந்தால் முதல் நாளே ஃபிராங்க்ஃபர்ட் சென்று, விமான நிலையத்துக்கு அருகில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.